திறந்திருந்த அலமாரி

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் அவர்களுடைய குழந்தைகள் கவனிப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவர்களைப் பாழாக்கி வந்தனர். அதைத் தடுக்கும் பொருட்டே கட்டட நிர்வாகத்தினர் ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். மூன்று முதல் ஆறு வயது வரையிலான ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் அங்கே சேர்க்கப்பட்டனர். அந்தப் பணியை நடத்தித் தரும் பொறுப்பை ஏற்றவர் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர்.

குழந்தைகள் கையாண்டு கற்பதற்குரிய பொருள்கள் பெரிய அலமாரி ஒன்றில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தன. ஆசிரியை அதைத் திறப்பார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொருளைத் தருவார். வேலை முடிந்ததும் வாங்கி வைத்துப் பூட்டிவிடுவார். யாருக்கு எது என்பதை முடிவு செய்பவர் அவரே.

ஒரு நாள் அவர் சற்றுத் தாமதமாக வந்தார். முந்தைய நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். குழந்தைகள் கதவைத் திறந்து, தத்தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியைக்குக் கோபம் வந்தது. அனுமதியின்றி எடுப்பது திருட்டு அல்லவா? இவர்களைக் கண்டிக்க வேண்டாமா? ஆனால் மாண்டிசோரி அம்மையாருக்கு அக்காட்சி வேறு விதமாகத் தோன்றியது. எந்தப் பொருள் எதற்கு உரியது என்பது குழந்தைகளுக்கு நன்கு தெரிந்துவிட்டது. ஆகவே தமக்கு எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்துகொள்ள இயலும் என்று அவர் உணர்ந்தார். அதன்பின் உயரமான பூட்டிய அலமாரிக்குப் பதிலாகக் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. இன்று உலகெங்கும் அவர் பெயரால் நடக்கும் பள்ளிகளில் அந்தத் தாழ்ந்த அலமாரிகளைக் காணலாம்.

ஒரே காட்சியை இருவர் கண்டனர். ஒருவருக்கு அது ஒழுங்கீனம். மற்றவருக்கு அறிவின் விழிப்பு. நம் வீடுகளிலும் இக்காட்சி நாள்தோறும் நிகழ்கிறது. நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

பதினெட்டு வயதில் ஒரு மௌனம்

குஜராத்தில் நான் சில ஆண்டுகள் பணி செய்தபோது, அங்கே குடியேறியிருந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தம் மகனை அழைத்து வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான்.

"சுவாமிஜி, இவன் எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார் தந்தை.

நான் பையனைப் பார்த்து, "உனக்கு எதில் ஆர்வம்?" என்று கேட்டேன்.

"கணக்கில் நன்றாக வாங்குவான்" என்றார் தந்தை.

"பள்ளியில் எந்த வேளை உனக்கு மிகவும் பிடிக்கும்?"

"அதெல்லாம் இவன் யோசித்ததில்லை, சுவாமிஜி. சொன்னதைச் செய்வான். தங்கமான பிள்ளை" என்றார் தந்தை.

பையன் புன்னகைத்தான், ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துத் தந்தை தண்ணீர் குடிக்க வெளியே சென்றார். அப்போது அவன் தாழ்ந்த குரலில், "எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை, மகராஜ்" என்றான். அவன் கண்களில் இருந்தது அச்சம்.

அத்தந்தை கொடியவர் அல்லர். மகனுக்காகவே வாழ்ந்தவர். இரண்டு வயதில் சட்டையையும், ஐந்து வயதில் விளையாட்டையும், பத்து வயதில் நண்பனையும் அவரே தேர்ந்தெடுத்தார். எல்லாம் நல்ல தேர்வுகளே. ஆனால் பதினெட்டு ஆண்டுகள் பிறர் தேர்ந்த பின், பத்தொன்பதாம் ஆண்டில் தானே தேர்வதற்கான ஆற்றல் ஒருவனுக்கு எங்கிருந்து வரும்?

மனமும் புத்தியும்

வேதாந்தம் நம் அகக்கருவியைப் பகுத்து ஆராய்கிறது. 'இதுவா, அதுவா' என்று ஊசலாடும் நிலையில் அதற்கு மனம் என்று பெயர். 'இதுவே' என்று உறுதி செய்யும் நிலையில் அதற்குப் புத்தி என்று பெயர். முடிவெடுத்தல் புத்தியின் தொழில்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குழந்தை ஊசலாடும் ஒவ்வொரு முறையும் பெரியவர் குறுக்கிட்டு 'இதுவே' என்று முடித்துவைத்தால் என்ன நிகழும்? குழந்தையின் மனம் ஊசலாடப் பழகுகிறது. புத்தியோ உறுதி செய்யப் பழகுவதில்லை. நடக்கக் கற்கும் குழந்தையை எப்போதும் இடுப்பிலேயே வைத்திருந்தால் அதன் கால்கள் வலுவடையா. புத்தியும் அவ்வாறே; பயிற்சியால் மட்டுமே அது வலுப்பெறும்.

மற்றொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். விரும்புவது வேறு, முடிவு செய்வது வேறு. கடையில் கண்டதையெல்லாம் கேட்டு அழும் குழந்தை முடிவெடுக்கவில்லை, ஆசைப்படுகிறது. பந்தும் வேண்டும், பொம்மையும் வேண்டும் என்பது ஆசை. பந்து போதும், பொம்மை இப்போது வேண்டாம் என்பது முடிவு. ஒன்றைப் பெறுவது முடிவின் ஒரு பாதி. மற்றொன்றை விட்டுவிட மனம் ஒப்புவது மறு பாதி. எனவே கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதும் குழந்தையின் முடிவெடுக்கும் ஆற்றலைக் கெடுக்கும். எல்லாவற்றையும் மறுக்கும் வீட்டிலும் குழந்தை தேர்வதில்லை. எல்லாவற்றையும் தரும் வீட்டிலும் தேர்வதில்லை.

கடோபநிஷதம் சிரேயஸ், பிரேயஸ் என்று இரண்டைக் கூறுகிறது. நன்மை பயப்பது முன்னது. இனிமையாகத் தோன்றுவது பின்னது. அவற்றைப் பகுத்தறிந்து தேர்ந்த நசிகேதன் ஒரு சிறுவன் என்பது கருதத்தக்கது. யமன் மூன்று வரங்களைத் தந்தபோது, தன்னைக் கோபத்தில் யமனுக்குக் கொடுத்துவிட்ட தந்தையின் மனம் அமைதியுற வேண்டும் என்பதையே அவன் முதல் வரமாகக் கேட்டான். மூன்றாவது வரத்தை மாற்றிக்கொள்ளும்படி யமன் பல இன்பங்களைக் காட்டினான்; ஆனால் அவனுக்காகத் தானே முடிவு செய்யவில்லை. சோதித்தான், காத்திருந்தான், அச்சிறுவனின் தேர்வை மதித்தான்.

அலமாரி கற்பிக்கும் நான்கு பாடங்கள்

மாண்டிசோரி பள்ளியின் தாழ்ந்த அலமாரி வெறும் மரச்சாமான் அன்று. அதில் நான்கு நெறிகள் அடங்கியுள்ளன.

முதலாவது, எட்டும் உயரம். பொருள் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். நம் வீடுகளில் தண்ணீர்க் குவளை மேடை மீது, சட்டை உயரமான அலமாரியில், காலணி கதவுக்குப் பின்னால் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'அம்மா' என்று அழைக்கும் நிலையில் உள்ள குழந்தை, எதை எப்போது செய்வது என்று எவ்வாறு முடிவு செய்யும்?

இரண்டாவது, அறிமுகம். எப்படிக் கையாள்வது என்று ஆசிரியர் செய்துகாட்டிய பொருளையே குழந்தை எடுக்கலாம். அறியாத ஒன்றைத் தேர்வது குருட்டுத் துணிவே. ஆகவே தேர்வுக்கு முன் அறிவு வர வேண்டும். அந்த அறிவைத் தருவது பெரியவரின் கடமை.

மூன்றாவது, எல்லை. அலமாரியில் பொருள்கள் ஏராளமாகக் குவிக்கப்பட்டிரா. ஒவ்வொன்றிலும் ஒன்றே இருக்கும். தான் விரும்பிய பொருள் மற்றொரு குழந்தையிடம் இருந்தால், அது திரும்ப வைக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். அல்லது வேறொன்றைத் தேர வேண்டும். 'என் விருப்பத்தைப் போலவே மற்றவருக்கும் விருப்பம் உண்டு' என்பதைக் குழந்தை உபதேசமின்றியே அறிகிறது.

நான்காவது, பொறுப்பு. எடுத்ததை எடுத்த இடத்தில், அடுத்தவர் எடுக்கத்தக்க நிலையில் வைக்க வேண்டும். தேர்ந்தவரே முடித்துவைக்கவும் வேண்டும்.

எட்டும் உயரம், அறிமுகம், எல்லை, பொறுப்பு ஆகிய நான்கும் கூடிய இடத்தில்தான் சுதந்திரம் பயிற்சியாகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது கட்டுப்பாடாகவோ கட்டவிழ்ந்த போக்காகவோ முடியும்.

மீசை வைத்த தாய்

இக்கருத்து நம் நாட்டில் வேரூன்றிய கதை அறியத்தக்கது. கிஜுபாய் பதேகா (1885-1939) குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்த வழக்கறிஞர். தம் மகனுக்கு எத்தகைய கல்வி தருவது என்று தேடத் தொடங்கியபோது மாண்டிசோரியின் நூல் அவருக்குக் கிட்டியது. வழக்கறிஞர் தொழிலை விட்டு, 1916-இல் பாவ்நகரின் தக்ஷிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே சிறு குழந்தைகளுக்காக 'பால மந்திர்' தொடங்கினார். அடியும் அச்சமும் இல்லாத அந்த இடத்தில் கதையும் பாட்டும் விளையாட்டும் கல்வியாயின. குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்டு மக்கள் அவரை 'மீசை வைத்த தாய்' என்று அன்புடன் அழைத்தனர். நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் ஓராண்டு புதுமுறையில் பாடம் நடத்திப் பார்க்கும் ஆசிரியர் ஒருவரைப் பற்றி அவர் எழுதிய 'திவாஸ்வப்னம்' இன்றும் இந்திய மொழிகள் பலவற்றில் படிக்கப்படுகிறது.

கிஜுபாய் மறைந்த 1939-ஆம் ஆண்டிலேயே மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டவர் என்ற காரணத்தால் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. கொடைக்கானலில் சில காலம் தங்கினார். தம் சுதந்திரம் குறைக்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளிலும், குழந்தையின் சுதந்திரத்தைப் பற்றி நம் ஆசிரியர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார் அவர்.

கறுப்புச் சூரியன்

இவற்றையெல்லாம் படித்தும் மொழிபெயர்த்தும் வந்த நானே செய்த பிழை ஒன்றை இங்கே கூற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் வகுப்பு ஒன்றை நடத்திவந்தேன். ஒரு நாள் படம் வரையச் சொல்லியிருந்தேன். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மலையும் ஆறும் வரைந்து, வானத்தில் கறுப்புச் சூரியன் ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, "சூரியன் மஞ்சளாக அல்லவா இருக்கும்?" என்றேன். கடிந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் கறுப்பு வண்ணக்குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் ஒரு பறவையை வரைந்தாள். தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "மகராஜ், இதற்கு எந்த நிறம்?" என்று கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். மரத்துக்கு எந்த நிறம், வீட்டுக்கு எந்த நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு வாக்கியத்தால் அலமாரியைப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன்.

சூரியன் ஏன் கறுப்பு என்று நான் அவளிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஒரு காரணம் இருந்திருக்கும். அதன்பின் அவள் நிறம் கேட்டு வந்தபோதெல்லாம், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டுக் காத்திருந்தேன். முதலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்க்கும் விடையை அதில் தேடினாள். தானாக ஒரு குச்சியை எடுக்க அவளுக்குப் பல வாரங்கள் ஆயின. கெடுக்க ஒரு நொடி போதும். சீர்செய்யப் பல வாரங்கள் வேண்டும்.

எதைக் குழந்தையிடம் விடலாம்?

'எல்லாவற்றையும் குழந்தையே முடிவு செய்யட்டும்' என்று யாரும் கூறவில்லை. விளைவுகளை முன்கூட்டி எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சி அடைகிறது என நரம்பியல் கூறுகிறது. ஆகவே உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஊறு விளைப்பவை, பிறரைப் புண்படுத்துபவை, நேர்மைக்கு மாறானவை ஆகியவற்றில் தேர்வுக்கு இடமில்லை. மருந்து உண்பதும் சாலையில் கைபிடித்து நடப்பதும் பெரியவரின் முடிவுகள். அவற்றை அன்போடும் உறுதியோடும் கூற வேண்டும்.

இவ்வெல்லைக்குள் வயதுக்கேற்ற தேர்வுகள் பல உண்டு. இரண்டு, மூன்று வயதில் 'நீலச் சட்டையா, சிவப்புச் சட்டையா?' என்று இரண்டில் ஒன்று போதும். பத்துச் சட்டைகளைப் பரப்பி வைத்தால் குழந்தை திகைத்துப்போகும். நான்கு, ஐந்து வயதில் 'முதலில் குளியலா, முதலில் பொம்மைகளை எடுத்துவைப்பதா?' என்று வரிசையை முடிவு செய்யலாம். ஆறு முதல் எட்டு வயதில் வீட்டுப்பாடத்தை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதையும், சிறு தொகையை எப்படிச் செலவிடுவது என்பதையும் ஒப்படைக்கலாம். ஒன்பது, பத்து வயதில் விடுமுறைப் பயணம் போன்ற குடும்ப ஆலோசனைகளில் அவர்களுடைய கருத்தையும் கேட்டு எடைபோடலாம்.

இதில் நாம் அறியாமல் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, தேர்வு இல்லாத இடத்தில் கேள்வி கேட்பது. 'பள்ளிக்குப் போகலாமா?' என்று கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்ற விடைக்குக் கோபிப்பது முறையன்று. 'பள்ளிக்கு நேரமாயிற்று, பையை நீ எடுக்கிறாயா, நான் எடுக்கட்டுமா?' என்று கேட்கலாம். இரண்டாவது, அச்சுறுத்தலைத் தேர்வு போலக் காட்டுவது. 'சாப்பிடுகிறாயா, அடி வாங்குகிறாயா?' என்பதில் தேர்வு ஏதுமில்லை. மூன்றாவது, கேட்டுவிட்டு மாற்றுவது. குழந்தை சிவப்பு என்ற பின், 'நீலம்தான் உனக்கு அழகு' என்று நீலத்தை அணிவித்தால், அடுத்த முறை அது விடையே கூறாது.

தவறினால் என்ன?

முடிவெடுக்கப் பழகும் குழந்தை தவறாகவும் முடிவெடுக்கும். அப்போதுதான் பெற்றோரின் உண்மையான சோதனை தொடங்குகிறது.

திருவிழாவில் ஒரு சிறுவனுக்கு ஐம்பது ரூபாய் தருகிறோம். கெட்டியான பந்து ஒன்றும், பளபளப்பான ஊதல் பொம்மை ஒன்றும் அவன் முன் உள்ளன. பொம்மை நீடிக்காது என்று ஒரு முறை எடுத்துக் கூறுகிறோம். அவன் பொம்மையையே வாங்குகிறான். மாலைக்குள் அது உடைந்துவிடுகிறது; அழுகிறான். இப்போது நம் நாவில் வருவது, 'நான் அப்போதே சொன்னேனே!' என்ற சொல். இது அவன் துயரத்தோடு அவமானத்தையும் சேர்க்கிறது. 'போனால் போகிறது, வேறு வாங்கித் தருகிறேன்' என்பதும் தவறே. அது விளைவை அழித்துவிடுகிறது. அருகில் அமர்ந்து, 'உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்' என்று கூறி, அழுகை ஓய்ந்த பின், 'அடுத்த ஆண்டு என்ன வாங்குவாய்?' என்று கேட்டால் போதும். ஐம்பது ரூபாய் இழப்பில் கிடைக்கும் இப்பாடம், பின்னாளில் பேரிழப்பில் கற்க வேண்டியதைத் தவிர்க்கக்கூடும். சிறு வயதின் தவறுகள் சிறியவை. அவற்றைச் செய்ய அதுவே தக்க பருவம்.

பெரியோர் சொல் கேட்பது என்னாயிற்று?

'பெரியவர் சொல்வதைக் கேட்டு நடப்பதுதானே நம் மரபு?' என்று பாட்டனார்கள் கேட்பது நியாயமே. பணிவு உயர்ந்த குணம். ஆனால் அடங்கி நடக்க மட்டுமே பழகிய குழந்தை, நாளை யாருக்கு அடங்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் எப்போதும் உடனிருக்கப் போவதில்லை. பிறர் குரலைக் கேட்டே நடந்து பழகியவன், நம் குரல் கேட்காத இடத்தில், அடுத்து உரக்க ஒலிக்கும் குரலின் பின் செல்வான். அது தீய நண்பனின் குரலாக இருக்கலாம். கைப்பேசித் திரையில் வரும் விளம்பரத்தின் குரலாகவும் இருக்கலாம். எல்லோரும் செய்யும் தவறைச் செய்ய மறுத்துத் தனித்து நிற்கும் துணிவு, தானே சிந்தித்து முடிவெடுத்துப் பழகியவனுக்கே வரும்.

நம் மரபும் கண்மூடிய அடக்கத்தைப் போதிக்கவில்லை. குருக்ஷேத்திரத்தில் கண்ணபிரான் நெடிது உபதேசிக்கிறார். இறுதியில், கூறியவற்றை முழுமையாக ஆராய்ந்து பார்க்கும்படி சொல்லி, எப்படிச் செயல்படுவது என்பதை அர்ஜுனனின் விருப்பத்துக்கே விடுகிறார். போர்க்களத்தின் நடுவில், அத்தகைய குரு தம் சீடனுக்கு அளித்த மதிப்பு அது. முதலில் அறிவைத் தந்தார். பின்னர் முடிவை அவனிடம் விட்டார். வழிகாட்டுவதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. சிந்தித்துப் பணிபவனின் பணிவே நிலைக்கும்.

இம்மாதம் ஒரு தட்டு

வாசகர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. உங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு ஒன்றைக் குழந்தைக்கென ஒதுக்குங்கள். அதில் அதன் உடைகள் சிலவற்றையும், ஒரு குவளையையும், இரண்டு மூன்று விளையாட்டுப் பொருள்களையும், படப்புத்தகங்கள் சிலவற்றையும் வையுங்கள். ஒவ்வொன்றையும் எடுப்பதும் திரும்ப வைப்பதும் எப்படி என்று பொறுமையாகச் செய்துகாட்டுங்கள். பின்னர் விலகி நில்லுங்கள். குழந்தை பச்சைச் சட்டைக்கு ஊதா நிறக் காற்சட்டையைத் தேர்ந்து வந்தால், அப்படியே வெளியே அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்களுடைய சிரிப்பைத் தாங்குவது நமக்கான பயிற்சி.

நாளும் ஒரு முறையாவது, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். கேட்ட பின் காத்திருங்கள். அந்தச் சிறிது நேர மௌனத்தில் விடையை நாமே கூறிவிடத் துடிக்கும் நம் நாவை அடக்குவது எளிதன்று. ஆனால் குழந்தையின் புத்தி தன் வேலையைச் செய்துகொண்டிருப்பது அந்த மௌனத்தில்தான்.

சான் லொரென்சோ ஆசிரியை பூட்ட மறந்தது தற்செயல். நாம் அறிந்தே சிறிது சிறிதாகத் திறந்து வைப்போமாக!